மீனைத் துரத்தாமல் படமெடுப்பது: வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

மீன்தொட்டியைப் படமெடுத்துப் பார்த்த எல்லோரிடமும் இரண்டு வகைப் படங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்றில் மீன் போன இடத்தில் வால் நுனி மட்டும் மிச்சமிருக்கும். இன்னொன்றில் மீன் இருக்கும், கூடவே ஃபோனைத் தூக்கிப் பிடித்த நம் முகமும் கண்ணாடியில் இருக்கும். உடனே நல்ல கேமரா வாங்க வேண்டும் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மீன் படத்தில் பாதிக்கு மேற்பட்ட வேலை கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கண்ணாடி சுத்தமாக இருக்கிறதா, தண்ணீர் தெளிந்திருக்கிறதா, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, மீன் எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம்தான் படத்தைத் தீர்மானிக்கின்றன. மீனின் பின்னாலேயே கேமராவை ஓட்டாமல், தொட்டியில் ஒரே ஓர் இடத்தைத் தயார் செய்துவைத்து, மீன் அங்கே வரும்வரை காத்திருப்பதுதான் இங்கே சொல்லப்போகும் முறை.

முதலில் தண்ணீர், அப்புறம் கண்ணாடி

தண்ணீர் மாற்றிய கையோடு படமெடுக்க உட்காராதீர்கள். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சின்னச் சின்னக் குமிழிகளாகப் பிரிந்து கண்ணாடியிலும் இலைகளிலும், சில நேரம் மீனின் மேலேயும் ஒட்டிக்கொள்ளும். அடிமண் கிளறப்பட்டிருந்தால் தூசியும் மிதக்கும். இன்று தண்ணீர் மாற்றினால் நாளைக்குப் படம் எடுங்கள். தண்ணீரும் தெளிந்திருக்கும், மீன்களும் பதற்றம் தணிந்து பழைய நிறத்துக்கு வந்திருக்கும்.

கண்ணாடியின் உட்புறத்தில் பாசி படிந்திருந்தால் அதைத் தேய்த்தெடுக்கும் வேலையையும் சில மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். தேய்த்த பாசி தண்ணீரில் மிதந்து ஃபில்டருக்குள் போய்ச் சேர நேரம் வேண்டும் அல்லவா? வெளிப்புறத்துக்கு ஈரத் துணியும் அதன்பின் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியும் போதும். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேக்களில் பலவற்றில் அம்மோனியா உண்டு, அது மீனுக்கு விஷம். தொட்டிக்குப் பக்கத்தில் அடிக்கவே வேண்டாம். உங்களுடையது அக்ரிலிக் தொட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. சொரசொரப்பான ஸ்பாஞ்ச் பட்டாலே கீறல் விழும், ஆல்கஹாலும் அம்மோனியாவும் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் விடும்.

முழுத் தொட்டியையும் பளபளப்பாக்க வேண்டியதில்லை என்பது இந்த முறையில் உள்ள வசதி. படமெடுக்கப்போகும் ஒரு ஜாண் அகலத்தை மட்டும் உள்ளும் புறமும் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஹீட்டர், ஃபில்டர் குழாய், உறிஞ்சு ரப்பர் எதுவும் தெரியக் கூடாது. பின்கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் துணியோ அட்டையோ வைத்தால் பாதிக் குழப்பம் மறைந்துவிடும். செடிகள் இருந்தால் அவை மீன் நீந்தும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் பின்னால் இருக்கட்டும். அப்போதுதான் அவை பச்சைப் படலமாக மங்கி, மீன் தனியாக எடுத்துத் தெரியும்.

படமெடுக்கும் நேரத்தில் ஃபில்டரையும் ஏர் பம்பையும் நிறுத்திவிடுங்கள். நீரோட்டம் நின்றால் தூசி அடங்கும், மீனும் எதிர்நீச்சல் போடாமல் நிதானமாகும். ஆனால் ஃபில்டருக்குள் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்வது நல்லது, தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்கு இது மிக முக்கியம். ஹீட்டரையும் சேர்த்தே அணைத்துவிடுங்கள், ஓட்டமில்லாத தண்ணீரில் அது தன்னைச் சுற்றி மட்டும் சூடாக்கும். ஃபோனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். படம் நன்றாக வர ஆரம்பித்துவிட்டால் ஃபில்டர் ஞாபகம் யாருக்கும் வருவதில்லை.

அறை இருட்டாக, தொட்டி வெளிச்சமாக

கண்ணாடியில் நம் முகம் தெரிவதற்குக் காரணம், நாம் நிற்கும் பக்கம் வெளிச்சமாக இருப்பதுதான். திரைச்சீலையை இழுத்துவிட்டு, அறை விளக்கு, டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டால் பிரதிபலிப்பில் பெரும்பகுதி அந்த நொடியே காணாமல் போகும். இரவில் எடுப்பது இன்னும் எளிது. வெளிர் நிறச் சட்டையும் கண்ணாடியில் தெரியும், கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கும் பிரதிபலிப்புக்கு ஒரு கறுப்பு அட்டை போதும். இரண்டு கை அகலத்துக்கு அட்டையை எடுத்து, நடுவில் லென்ஸ் இறுக்கமாக நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, லென்ஸில் மாட்டிக்கொள்ளுங்கள். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் கேமராவும் கையும் முகமும் மொத்தமாக மறைந்துவிடும். லென்ஸின் முனையில் மாட்டும் ரப்பர் வளையம் (லென்ஸ் ஹூட்) கிடைத்தால் அதைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தே எடுக்கலாம்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வாங்கினால் பிரதிபலிப்பு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போது அது உண்மை. நேராகப் பார்க்கும்போது அதனால் எந்தப் பயனும் இல்லை, வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடுவதுதான் மிச்சம். மீன் படத்துக்கோ நாம் நேராகத்தான் நின்றாக வேண்டும்.

ஏன் நேராக? மீனிலிருந்து வரும் ஒளி தண்ணீர், கண்ணாடி, காற்று என்று மூன்றைக் கடந்து லென்ஸுக்கு வருகிறது. ஒவ்வோர் எல்லையிலும் அது வளைகிறது. லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக இருந்தால் அந்த வளைவால் பெரிய பாதிப்பு இல்லை. சாய்ந்தால் படம் ஒரு பக்கமாக இழுபட்டு, ஓரங்களில் நீலமும் சிவப்பும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. அதனால் மீன் பக்கவாட்டில் போனால் கேமராவைத் திருப்பாதீர்கள், நீங்கள் நகருங்கள். அல்லது அது திரும்பி வரட்டும் என்று விட்டுவிடுங்கள். உருண்டைக் கிண்ணத்தில் நல்ல படம் எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்பதற்கும் இந்த வளைவுதான் காரணம்.

இன்னொன்று: தண்ணீருக்குள் இருக்கும் பொருள் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோலத்தான் தெரியும். கண்ணாடியிலிருந்து 20 செமீ உள்ளே இருக்கும் மீன் 15 செமீ தூரத்தில் இருப்பதாகக் கண்ணுக்கும் கேமராவுக்கும் படும். ஃபோகஸுக்கு இதனால் தொந்தரவில்லை. ஆனால் அந்த 20 செமீ தண்ணீரில் மிதக்கும் தூசி அத்தனையும் படத்தில் சேரும். முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வரும் மீனை எடுப்பதே எப்போதும் லாபம்.

வெளிச்சம்

மீன்தொட்டி விளக்கு நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் கேமராவுக்கு அது மங்கல்தான். மேலிருந்து வருவதால் மீனின் முதுகு வெளுத்து, வயிறு இருண்டுபோகும். அடியில் வெளிர் மணல் இருந்தால் கொஞ்சம் வெளிச்சம் மேலே எழும்பி வயிற்றைக் காப்பாற்றும். கறுப்பு மண் என்றால் தொட்டிக்கு முன்னால், படத்துக்குக் கீழே, ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

விளக்கு முழுப் பிரகாசத்தில் இருக்கட்டும். பல எல்இடி விளக்குகளை மங்கலாக்கும்போது உண்மையில் அவை வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு படத்தில் குறுக்குக் கோடுகளாக விழும். முழுப் பிரகாசத்திலும் கோடு விழுந்தால் ஷட்டர் வேகத்தை (ஒரு படத்துக்கு ஒளி உள்ளே விழும் நேரத்தை) மின்சாரத்தோடு ஒத்துப்போக வையுங்கள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 1/50 அல்லது 1/100 நொடி, 60 ஹெர்ட்ஸுக்கு 1/60 அல்லது 1/125. வேகமான மீனுக்கு இது போதாது என்பது உண்மைதான். ஏஞ்சல், டிஸ்கஸ் மாதிரி நிதானமான மீன்களுக்குச் சமாளிக்கும்.

மீன் படம் எடுப்பதில் பெரிய முன்னேற்றம் தருவது என்னவென்று கேட்டால், லென்ஸைவிடத் தனியாகப் பிரித்து வைக்கக்கூடிய ஃபிளாஷைத்தான் நான் சொல்வேன். கேமராவின் தலையிலிருந்தே அடிக்கும் ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வெள்ளைப் பொட்டாக விழும், செதில்களும் தகரம்போல மின்னும். அதே ஃபிளாஷைக் கழற்றி, தொட்டியின் மேல் கண்ணாடி மூடியில் கீழ்நோக்கி வைத்து, வயர்லெஸ் ட்ரிக்கரால் இயக்கினால் கதையே வேறு. சூரிய வெளிச்சம் மாதிரி மேலிருந்து இறங்கும், கண்ணாடியில் பிரதிபலிப்பே இருக்காது. ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் மென்மையாகும். கொஞ்சம் முன்பக்கமாகத் தள்ளி வைத்தால் மீனின் பக்கவாட்டிலும் வெளிச்சம் படும். மூடி உறுதியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் தண்ணீரில் விழுந்தால் ஃபிளாஷும் போகும், ஆபத்தும்கூட. மூடியில்லாத தொட்டி என்றால் ஒரு ஸ்டாண்டில் கட்டி மேலே தொங்கவிடுவதே சரி.

ஃபிளாஷின் சக்தியை 1/16 அல்லது 1/8 அளவில் வையுங்கள். சக்தி குறையக் குறைய அது மின்னும் நேரமும் குறைந்து, நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். எந்த மீனும் அந்த நேரத்துக்குள் அசைந்து காட்ட முடியாது. முழுச் சக்தியில் அடித்தால் இந்த நன்மை போய்விடும், அடுத்த படத்துக்கு ஃபிளாஷ் தயாராகவும் நேரமாகும்.

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு கும்மிருட்டில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. மீனுக்கு இமை கிடையாது. இருட்டில் திடீரென மின்னினால் மிரண்டு கண்ணாடியில் மோதும், சில மீன்கள் வெளியே குதித்துவிடும். விளக்கு எரியும்போது அடித்தால் பெரும்பாலான மீன்கள் முதல் சில தடவை திடுக்கிட்டுவிட்டு அப்புறம் கண்டுகொள்வதில்லை. திரும்பத் திரும்ப ஒளிந்துகொள்ளும் மீனாக இருந்தால் அதற்கு ஃபிளாஷ் வேண்டாம்.

கேமராவில் என்ன வைக்கலாம்

ஃபிளாஷ் இருந்தால் எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் முறையில் ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200 அல்லது 400 என்று தொடங்குங்கள். படம் இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், வெளுத்தால் ஃபிளாஷைக் குறையுங்கள். பெரும்பாலான கேமராக்கள் ஃபிளாஷோடு 1/200, 1/250 வரைதான் ஒத்துழைக்கும். அதைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாகிவிடும்.

ஃபிளாஷ் இல்லாவிட்டால், முன்பு சொன்ன குறுக்குக் கோட்டுக்காகக் குறைத்தாலொழிய, ஷட்டரை 1/125க்குக் கீழே விடாதீர்கள். நியான் டெட்ரா, கப்பி மாதிரி துறுதுறுவென்று இருப்பவற்றுக்கு 1/250 வேண்டும். ஜீப்ரா டேனியோ போன்றவற்றுக்கு 1/500கூடப் போதாமல் போகலாம். அப்பர்ச்சர் எஃப் 4 பக்கம் இருக்கட்டும், ஐஎஸ்ஓ 1600, 3200 என்று ஏறினாலும் பரவாயில்லை. புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைச் சரிசெய்யலாம், அசைந்து கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கேமராவோடு வந்த 18-55 லென்ஸே ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் அளவு மீன்களுக்குப் போதும். விரல் நீள மீன்களைப் படம் நிறைய எடுக்க ஆசை வந்த பிறகு 60 மிமீ, 90 மிமீ, 100 மிமீ மேக்ரோ லென்ஸ்களை (மிக அருகில் போய்ப் பெரிதாக எடுப்பவை) பற்றி யோசிக்கலாம். ஆனால் மேக்ரோவில் மிக நெருங்கிப் போனால் எஃப் 8லும் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும், வால் மங்கியிருக்கும். மீன் கண்ணாடிக்கு இணையாக, பக்கவாட்டை முழுதாகக் காட்டி நிற்கும் நொடியில் எடுத்தால் தலையிலிருந்து வால் வரை தெளிவு கிடைக்கும்.

கேமரா பதிந்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் ரா ஃபைலாகச் சேமிக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். தொட்டி விளக்குகளின் நிறம் ஒவ்வொன்றும் ஒருவிதம், நிறத்தைத் தானாகச் சமன்செய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் அதில் திணறும். கடல் மீன், பவளத் தொட்டிகளின் அடர்நீல விளக்கில் எல்லாமே ஊதாவாக வரும். படமெடுக்கும் நேரத்துக்கு மட்டும் விளக்கை வெள்ளைக்கு மாற்றுங்கள், அல்லது லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் பிடியுங்கள்.

ஃபோன்தான் இருக்கிறதா?

தாராளமாக எடுக்கலாம். ஃபோன் லென்ஸ் சின்னது என்பதால் அதைக் கண்ணாடியில் ஏறக்குறைய ஒட்டவே வைத்துவிடலாம், பிரதிபலிப்புப் பிரச்சினை அதோடு முடிந்தது. 2 மடங்கு அல்லது 3 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சில ஃபோன்கள் அருகில் போனதும் தானாகவே அகன்ற லென்ஸுக்கு மாறி மேக்ரோ எடுக்கும், அப்போது மீனின் மூக்கு பெருத்தும் உடல் சிறுத்தும் தெரியும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷையும்தான்.

மீன் வரப்போகும் இடத்தில் இருக்கும் ஓர் இலையை அல்லது கல்லைத் திரையில் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தை ஒரு சிட்டிகை குறைத்துவிடுங்கள், செதில்கள் வெளுக்காது. அப்புறம் காத்திருந்து பர்ஸ்டாக, அதாவது தொடர்ந்து பல படங்களாக, சுடுங்கள். 4கே வீடியோவாக எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுத்தால் சுமார் 8 மெகாபிக்சல் படம் கிடைக்கும், திரையில் பார்க்க அது தாராளம்.

மீன் எங்கே வரும்?

கருவிக்காகச் செலவிடும் கவனத்தில் பாதியை மீனைக் கவனிப்பதில் செலவிட்டால் போதும், படம் தானாக மாறும். கேமரா இல்லாமல் பத்து நிமிடம் தொட்டிக்கு முன்னால் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் மீன்கள் உங்களை மறந்து அவற்றின் வேலையைப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம் இருப்பது அப்போதுதான் தெரியும். சிக்லிட் வகைகளுக்குச் சொந்த எல்லை உண்டு, துரத்திச் சண்டைக்குப் போனாலும் அதே கல்லுக்குத் திரும்பி வரும். கூட்டமாக நீந்தும் டெட்ராக்கள் தொட்டியின் ஓரத்துக்கு வந்ததும் திரும்பியாக வேண்டும், திரும்பும் கணத்தில் வேகம் அடங்கும். அந்த மூலைக்குக் கொஞ்சம் இப்பால் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கோரிடோராஸ் மணலைக் கிளறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடும். அதற்குக் கேமரா மணல் மட்டத்துக்கு இறங்க வேண்டும், நீங்கள் தரையில் படுக்க வேண்டியிருக்கும்.

ஃபைட்டர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டா என்றும் சொல்வார்கள். செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் அதற்கு இருப்பதால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். வருவதும் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் இருக்கும். ஃபில்டர் நின்று தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணாடிக்கு நேராகக் கேமராவை வையுங்கள். மேற்பரப்பு உள்ளிருந்து பார்க்கும்போது முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறியிருக்கும். மீன் மூக்கைத் தூக்கி மெதுவாக ஏறும், மேலேயிருந்து இன்னொரு மீன் தலைகீழாக இறங்கும், இரண்டு வாயும் தொடும். அதற்கு ஒரு கணம் முன்பு சுட்டால் இரட்டை மீன் படம் கிடைக்கும்.

துடுப்பை முழுதாக விரிக்க வைக்க வேண்டுமென்றால் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொட்டிக்கு வெளியே பிடித்துக் காட்டுங்கள். எதிரி வந்துவிட்டான் என்று செவுள் மூடியை விரித்து, வாலை விசிறியாக்கி நிற்கும். ஓரிரு நிமிடத்துக்கு மேல் காட்ட வேண்டாம், அது மீனுக்கு உண்மையான சண்டைதான். ஆண் கப்பிகளுக்கு இந்தத் தூண்டுதலே வேண்டாம், பெண் மீன் பக்கத்தில் போனால் தாமாகவே வாலை விரித்துக் காட்டும்.

தீனியை எப்போது போடுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. படம் முடிந்த பிறகு போடுங்கள் என்பது என் கட்சி. பசித்த மீன் ஆளைப் பார்த்ததும் முன்கண்ணாடிக்கு வரும். சாப்பிட்ட மீன் வயிறு உப்பி, பின்னால் கழிவை நூலாகத் தொங்கவிட்டுக்கொண்டு நீந்தும், தண்ணீரிலும் துகள் மிதக்கும். வராத மீனை இழுக்க வேண்டுமானால் ஓரிரு துளி மட்டும் போடலாம்.

விளக்கு போட்டவுடன் எடுக்க அவசரப்பட வேண்டாம். இருட்டில் மீன்கள் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும். நியான் டெட்ராவின் நீலக் கோடு இரவில் ஊதாப்பக்கம் மங்கி, வெளிச்சம் வந்த பிறகு மெல்லத் திரும்பும். அரை மணி நேரமாவது கொடுங்கள். அந்தக் கோடு நிறமியால் வருவதும் அல்ல, செல்களுக்குள் இருக்கும் குவானின் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. அதனால் வெளிச்சம் விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும். ஃபிளாஷைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், எந்த இடத்தில் கோடு எரிகிறது என்று பிடிபடும்.

ஃபோகஸ் கண்ணில் விழ வேண்டும். கேமராவில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸையும், அசையும் பொருளைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸையும் தேர்ந்தெடுங்கள். கேமரா முன்னும் பின்னும் தேடித் திணறினால் ஃபோகஸை மேனுவலில் ஒரு தூரத்துக்குப் பூட்டிவிட்டு, மீன் அந்தத் தூரத்துக்கு வரும்போது அழுத்துங்கள். இது முதலில் எரிச்சலாக இருக்கும், பழகிவிட்டால் ஆட்டோவைவிட இதுவே கைகொடுக்கும். மீனின் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுங்கள். வாலையும் துடுப்பு நுனியையும் படச்சட்டம் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனைத் தனியாக ஒரு சின்ன ஒடுக்கமான தொட்டியில் விட்டு எடுப்பவர்களும் உண்டு. மீனின் அடையாளத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டிய வளர்ப்பாளர்களுக்கு அது தேவைப்படலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வேண்டாம் என்பேன். வலையில் பிடித்து மாற்றிய மீன் வெளிறி, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். அந்தப் படத்தை எடுத்து என்ன பயன்?

எடுத்த பிறகு

நூறு படம் எடுத்தால் ஐந்து தேறினாலே நல்ல நாள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்து, கண் தெளிவில்லாதவற்றை முதலில் அழித்துவிடுங்கள். மிச்சமிருப்பவற்றில் துடுப்பு விரிந்தவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தத்தில் முதல் வேலை நிறச் சமநிலை. தொட்டியில் வெள்ளை மணலோ வெள்ளைக் கல்லோ இருந்தால் அதை வைத்துச் சரிசெய்துவிடலாம். தண்ணீர் வழியாக எடுத்த படம் எப்போதும் லேசாகப் பனி மூடியதுபோல இருக்கும். கறுப்பைக் கொஞ்சம் ஆழமாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டினால் அது விலகும். மீனைச் சுற்றி மிதக்கும் வெள்ளைப் பொட்டுகளை ஹீலிங் கருவியால் துடைத்தெடுக்கலாம். இது அலுப்பான வேலை, பொட்டு அதிகமிருந்தால் அடுத்த முறை ஃபில்டரை நிறுத்திய பிறகு இன்னும் கொஞ்சம் பொறுத்து எடுங்கள்.

நிறச் செறிவு ஸ்லைடரை மட்டும் கையை அடக்கித் தொடுங்கள். சிவப்புதான் முதலில் கெடும், செதில் விளிம்புகள் கரைந்து ஒரே சாயமாகிவிடும். மீனை விற்பதற்காகவோ, நோய் என்னவென்று யாரிடமாவது காட்டிக் கேட்பதற்காகவோ எடுத்த படம் என்றால் நிறச் சமநிலைக்கு மேல் எதையும் தொடாமல் அனுப்புங்கள். மருந்து சொல்பவருக்குத் தோலின் வெளிறலும் துடுப்பு ஓரத்துச் சிவப்பும் உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும்.